ஒரு பிரபு குலத்தைப் படம்பிடித்த கதை

ஆவணக் காப்பகத்தின் படப்பிடிப்பு அறையை மூடப்போகிறார்களாம். இனிமேல் எல்லாவற்றையும் கணினி நேரே விழுங்கிவிடும். படச்சுருளும் வேண்டாம், அதைக் கழுவுகிற இருட்டறையும் வேண்டாம். அதற்கொரு விழா. கேக் வெட்டி, கோப்பி ஊற்றி, ஓய்வுபெற்ற கிழடுகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச விடுவார்கள். தொலைபேசியில் அழைத்த டேனிஷ் பெண் நல்ல பிள்ளை. இருபத்தைந்து வருட வேலையில் மறக்கமுடியாத, மனதுக்கு இதமான சம்பவம் ஒன்றைச் சொல்லும்படி கேட்டாள்.

மறக்கமுடியாதது ஒன்று இருக்கிறது. இதமானது என்று சொல்லமாட்டேன். ஐந்து நிமிடத்தில் அதைச் சொல்லி முடிக்கவும் முடியாது. அதனால் இங்கே தமிழில் முழுதாக எழுதிவைக்கிறேன். சம்பந்தப்பட்ட பிரபு குடும்பத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள்மேல் உள்ள மரியாதையால் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்தப் பெயரை முழுதாக எழுதினால் ஒரு பந்தி எழுத்து அதற்கே போய்விடும்.

நான் எண்பத்து நான்கில் டென்மார்க்குக்கு வந்தவன். முகாமில் கொஞ்சக்காலம், மொழிப் பள்ளியில் கொஞ்சக்காலம், பிறகு கோல்டிங்கில் கோழி வெட்டுகிற ஆலையில் நாலு மாதம். நகரசபையில் எங்களைக் கவனித்த அலுவலர் ஒருநாள், ஊரில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். யாழ்ப்பாணக் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், ஆவண அறை எழுதுவினைஞர் என்றேன். பழைய கடதாசியா என்று கேட்டார். ஓம், ஒல்லாந்தர் காலத்துக் காணித் தோம்புப் பதிவேடு வரைக்கும் பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். அடுத்த திங்கட்கிழமை நான் ஆவணக் காப்பகத்தில் நின்றேன். எனக்குக் கிடைத்த தொழிற்பயிற்சி அவ்வளவுதான்.

கச்சேரியில் எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் காணிக்காக வருவார்கள். மீதிப்பேர் தாங்கள் நல்ல குடும்பம் என்பதற்குச் சாட்சி தேடி வருவார்கள். எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைக் கண்டால் மூன்று கேள்விகள் உண்டு. ஊர் எது? ஊருக்குள் எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி? மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும், ஆளுக்குக் கதிரை கொடுப்பதா வாங்குப் பலகை கொடுப்பதா என்பது முடிவாகிவிடும். டென்மார்க்குக்கு வந்தபோது இந்தச் சனியனை விமானத்திலேயே விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். கோல்டிங்கில் முதலில் சந்தித்த தமிழர் கை கொடுத்துவிட்டு அதே மூன்று கேள்விகளையும் அதே வரிசையில் கேட்டார்.

காப்பகத்தில் எனக்கு மேலே இருந்தவர் பிர்த்தெ. ஐம்பத்தைந்து வயது இருக்கும். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. சரியாகப் பதினொன்றரைக்குக் கறுத்தப் பாண் ரொட்டியில் ஈரல் பசை பூசிச் சாப்பிடுவார். பதினொன்று நாற்பத்தைந்துக்கு மேசையைத் துடைத்துவிடுவார். அறைக்குள் பேனை கொண்டுவரக்கூடாது, பென்சில் மட்டும். "நல்லது" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பிழை இல்லாவிட்டால் "நோ" என்பார். ஆங்கிலத்து "இல்லை" அல்ல அது. டேனிஷில் அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஆயிரம் அர்த்தம். பிர்த்தெயிடம் அதற்கு ஒரே அர்த்தம்: அடுத்த வேலையைப் பார்.

வேலை இப்படி. மேசைக்கு மேலே ஒரு தூணில் கமரா கீழே பார்த்தபடி நிற்கும். இரண்டு பக்கமும் விளக்குகள். பதிவேட்டைத் தொட்டில் போன்ற தாங்கியில் விரித்து, மேலே கண்ணாடியை இறக்கி, கால் மிதியை அமுக்கினால் ஒரு படம். கண்ணாடியைத் தூக்கு, தாளைப் புரட்டு, இறக்கு, மிதி. ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் அதன் இலக்கம் எழுதிய அட்டையை எடுக்கவேண்டும். சுருளுக்கு ஒரு பதிவுத்தாள் உண்டு. எந்தப் பெட்டி, எந்தக் கட்டு, எத்தனை படம் என்று அதில் எழுதவேண்டும். அடிப்படை விதி ஒன்றே: பெட்டிக்குள் எது எந்த ஒழுங்கில் கிடக்கிறதோ, அதை அதே ஒழுங்கில் எடுக்கவேண்டும். நல்லது கெட்டது பார்க்கக்கூடாது.

இரண்டாம் கிழமை நான் ஒரு வெற்றுத் தாளைத் தாண்டிவிட்டேன். இரண்டு பக்கமும் ஒன்றுமே எழுதாத தாள். எதற்குப் படம் என்று புரட்டிவிட்டேன். கழுவிய சுருளை பிர்த்தெ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்குள்ள ஒரு தாள் குறையுது."

"அது வெறும் தாள். ஒண்டும் எழுதேல்லை."

"ஒண்டும் எழுதேல்லை எண்டு நாளைக்குப் பாக்கிற ஆளுக்கு எப்பிடித் தெரியும்? நீ மறைச்சியோ, ஆரும் கிழிச்சவையோ எண்டுதான் அந்த ஆள் நினைக்கும். வெறும் தாளும் ஒரு சாட்சி. முழுச் சுருளையும் திருப்பி எடு."

எடுத்தேன், அவரைத் திட்டிக்கொண்டே. பிறகு அறிந்தேன், அந்த வெற்றுத் தாளை என்னைச் சோதிப்பதற்காக அவரே உள்ளே வைத்திருக்கிறார்.

எண்பத்தாறு இலையுதிர் காலத்தில் பிரபு குடும்பத்தின் ஒன்பது பெட்டிகள் வந்து இறங்கின. மாளிகைக்கு ஏதோ ஒரு நூற்றாண்டு நிறைவாம். குலவரலாற்றை விலையுயர்ந்த புத்தகமாகப் போடப்போகிறார்களாம். அதற்காக எல்லாவற்றையும் படமெடுத்துக் கொடுக்கவேண்டும். மூலங்கள் எங்கள் நிலவறையில் இருக்கும், ஆனால் குடும்பத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் யாருக்கும் காட்டக்கூடாது. இது ஒப்பந்தம்.

அந்தக் குலத்தின் கதையை நான் தாள் தாளாகப் படம்பிடித்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு ஜெர்மன் டியூக்குக்கு ஆண்பிள்ளைகள் அதிகம். மூத்தவனுக்கு நாடு போனது. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு. அவர்களுக்கும் ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள், துண்டைத் துண்டாக்கினார்கள். கடைசியில் ஒரு கடைக்குட்டிக்கு மிஞ்சியது கோல்டிங்குக்குத் தெற்கே ஒரு மாளிகை, ஆற்றில் ஒரு மாவாலை, கொஞ்சம் காடு. காணியைப் பிரித்தால் குறையும். பட்டம் எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் குறையாது. ஆகவே அந்தக் கடைக்குட்டியும் முழு டியூக். ஒரு கிராமத்தைக்கூட முழுதாக ஆளாத டியூக். அவருக்கு ஒரு அரண்மனை முகாமையாளர் இருந்தார். மாளிகையின் பன்றிகளைப் பார்த்தவரும் அதே ஆள்தான். விருந்தினர் பதிவேடும் பன்றிப் பதிவேடும் ஒரே கையெழுத்தில் முதலாம் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

இரண்டாம் பெட்டி முழுவதும் வாங்குச் சண்டை. இன்னொரு கிளையின் சீமாட்டி தேவாலயத்தில் முன்வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். அதற்காக இரண்டு கிளைகளும் வருடக்கணக்காகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். படமெடுக்கும்போது எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவில் வடம் யார் முதலில் தொடுவது என்று நீதிமன்றம் வரைக்கும் போன வழக்குகள் நினைவுக்கு வந்தன. மூன்றாம் நான்காம் பெட்டிகளில் அந்நிய அரசர்களின் பட்டாளங்களில் சம்பளத்துக்குச் சண்டை பிடித்த இளைய மகன்கள். 1864 யுத்தத்தில் அண்ணன் டென்மார்க் பக்கம், தம்பி பிரஷ்யாப் பக்கம். எந்தப் பக்கம் வென்றாலும் மாளிகைக் கூரை தப்பும். பிரஷ்யா வென்றது, எல்லை வடக்கே ஏறியது, மாளிகை ஜெர்மனிக்குள் போனது. 1920இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்து எல்லை திரும்பத் தெற்கே இறங்கி மாளிகை டென்மார்க்குக்கு வந்தது. டேனிஷ் கொடிக்குத் துணி கேட்டு எழுதிய கடிதத்தின் திகதி வாக்கெடுப்புக்கு முந்தியது. இவர்களைத்தான் மண்ணோடு வேரோடிய குலம் என்று புத்தகத்தில் எழுதப்போகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்த இடத்தில் எல்னாவைச் சொல்லவேண்டும். எல்னாவுக்கு எழுபத்தெட்டு வயது. வைலேயிலிருந்து ரயிலில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் எங்கள் வாசிப்பறைக்கு வருவார். ஒரு தையல்கடையில் நாற்பது வருடம் வேலை செய்தவர். விரல் நுனிகள் தோல் தடித்துப்போயிருக்கும். கேட்ட பதிவேடுகளை நிலவறையிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. அவருக்குக் கண் மங்கல் என்பதால் கோரிக்கைச் சீட்டையும் நானே நிரப்புவேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரே பெயர்: அவருடைய தாயின் பெயர், மெட்டெ கிர்ஸ்டீனெ, அதன்பின் அவளுடைய தகப்பனின் பெயர்.

மெட்டெ அந்த மாளிகையில் பால்பண்ணை வேலைக்காரி. அப்போதைய பிரபுவின் தம்பி, குதிரைப்படை அதிகாரி, அவளை ஹம்பேர்க்குக்குக் கூட்டிப்போய்ப் பதிவுத் திருமணம் செய்தான். அப்படி மெட்டெ சொன்னாள். பிரபு குலத்துக்கு ஒரு வீட்டுச்சட்டம் உண்டு: சமமில்லாத இடத்தில் செய்த கல்யாணம் கல்யாணமே அல்ல. ஆறு மாதத்தில் கணவன் காணாமல் போனான், அத்தாட்சிப் பத்திரமும் அவனோடு போனது. மெட்டெ வயிற்றுப்பிள்ளையோடு எல்லை தாண்டி வைலேக்கு வந்தாள். அங்கே பிறந்த எல்னாவின் பெயருக்கு எதிரே தேவாலயப் பதிவேட்டில் மதகுரு ஒரு சொல் எழுதினார். முறையில்லாமல் பிறந்த பிள்ளைக்கு டேனிஷில் எழுதுகிற சொல். அதே சொல்லுக்குப் போலி என்றும் பொருள் உண்டு. கண்ணாடி முத்துமாலையை அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள்.

"அம்மா சாகும்வரைக்கும் சொன்னவ," என்று எல்னா முதல்நாளே என்னிடம் சொன்னார். "பச்சைத் துணி விரிச்ச மேசையிலை நான் மையாலை கையெழுத்து வைச்சனான் எண்டு. ஒருத்தரும் நம்பேல்லை. பள்ளிக்கூடத்திலை என்னோடை ஆரும் கைகோத்து நடக்கமாட்டினம். அப்பாவை இவங்கள் கட்டாயப்படுத்திப் பிரிச்சிட்டாங்கள். எனக்குக் காணி வேண்டாம், மாளிகை வேண்டாம். அந்தச் சொல்லை வெட்டவேணும்."

ஹம்பேர்க் பதிவகம் யுத்தத்தில் குண்டு விழுந்து எரிந்துபோயிற்று. வேறு எங்கே தேடுவது என்று தெரியாமல் வேலையாட்கள் கணக்கெடுப்பு, தேவாலயப் பதிவேடு, ரயில்வே ஊழியர் பட்டியல் என்று கண்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களில் சிலர் அவரை வியாழக்கிழமை அம்மா என்று கேலியாகச் சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன்.

எட்டாம் பெட்டியில் வேட்டை நாய்களைப் பற்றிய கட்டு ஒன்று. எந்த நாய் எந்த நாயோடு சேர்ந்து எத்தனை குட்டி போட்டது, எல்லாம் ஒழுங்காக வம்சாவளிப் படத்தோடு. அதன் நடுவில் ஒரு நீல உறை. உறைக்குள் அச்சடித்த ஜெர்மன் படிவம் ஒன்றும் கையால் எழுதிய கடிதம் ஒன்றும். எனக்கு ஜெர்மன் தெரியாது. படிவத்தைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து மிதியை அமுக்கிய பிறகுதான் கண் அந்தப் பெயரில் நின்றது. பத்து மாதமாக ஒவ்வொரு வியாழனும் நானே பென்சிலால் எழுதிவந்த பெயர். கீழே இரண்டு கையெழுத்துகள். ஒன்று பெரிய ஆளுடையது, மற்றது எழுதப் பழகாத கையின் உருண்டை எழுத்து.

கடிதத்தையும் படமெடுத்தேன். கட்டை முடித்தேன். அதன்பிறகு பிர்த்தெயிடம் போனேன்.

"நீ வாசிச்சனியோ?" என்று கேட்டார்.

"பேரை மட்டும்."

"பேரும் வாசிப்புத்தான். உன்ரை வேலை படம் எடுக்கிறது."

"எல்னா நாளண்டைக்கு வருவா. சொல்லலாமோ?"

"சொல்லேலாது. ஒப்பந்தம் இருக்கு."

"எழுபத்தெட்டு வயசு."

"எனக்கு வயசு தெரியும்," என்றார் பிர்த்தெ. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் இருந்த தாளைப் பார்க்கத் தொடங்கினார். "நோ."

கல்நெஞ்சுக்காரி என்று தமிழில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த வியாழனும் எல்னாவுக்கு ரயில்வே ஊழியர் பட்டியலைக் கொடுத்தேன். அவர் பூதக்கண்ணாடியால் வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கதவுக்கு வெளியே நின்றேன். என் வேலை நாட்களில் மிக வெட்கமான நாள் அது.

அடுத்த கிழமை பிரபுவே வந்தார். எல்னாவின் தகப்பனுக்கு அண்ணன் இருந்தாரல்லவா, அவருடைய பேரன். அரச வேட்டைத் தலைவர் என்று அவருக்கு அரசவைப் பட்டம். டென்மார்க்கில் ஒருவரை ஒருவர் நீ என்றுதான் கூப்பிடுவார்கள். பேராசிரியரும் நீ, கூட்டுகிறவரும் நீ. இந்த மனிதர் உள்ளே வந்ததும் எங்கள் தலைமை அலுவலர் வாயிலிருந்து, நான் மொழிப் பள்ளியில் படித்துப் பயன்படுத்தவே வாய்க்காத "நீங்கள்" வந்தது. முதுகும் கொஞ்சம் வளைந்தது. கச்சேரியில் பெரிய இடத்து ஆட்கள் வரும்போது எங்கள் முதுகுகள் வளைந்த அதே கோணம்.

புத்தகம் எழுதுகிறவர் பெட்டிகளின் விபரப் பட்டியலைப் பார்த்துவிட்டு நீல உறையைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். பிர்த்தெயிடம் போய், தனிப்பட்ட கடிதங்கள் சில தவறுதலாகச் சேர்ந்துவிட்டன, திருப்பி எடுக்கவேண்டும் என்றார். மூலம் குடும்பத்தின் உடைமை, எடுக்கலாம், ஆனால் படமாகிவிட்டது என்று பிர்த்தெ சொன்னார். அதன்பிறகு மனிதர் படப்பிடிப்பு அறைக்கு, என்னிடம், தனியே வந்தார்.

நான் டேனிஷில் வணக்கம் சொன்னேன். அவர் குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் பேசினார். எந்த நாடு என்றார். சொன்னேன்.

"அப்ப உனக்கு விளக்கத் தேவையில்லை," என்றார். "உங்கட நாட்டிலை குலம் எண்டால் என்ன எண்டு தெரிஞ்ச சனம். கண்ட இடத்திலை கல்யாணம் கட்டினால் குடும்பம் அதை எப்பிடிப் பாக்கும் எண்டு இங்கை இருக்கிறவைக்கு விளங்காது. உனக்கு விளங்கும். சுருளிலை ரெண்டு மூண்டு படம்தானே, வெட்டி ஒட்டிவிடு. நீ இங்கை தற்காலிகம் எண்டு கேள்விப்பட்டன். நான் ஒரு வார்த்தை சொல்லலாம்."

செவிட்டில் அறைந்ததுபோல இருந்தது. லஞ்சம் பேசியது எனக்குப் பெரிதாகப்படவில்லை. இந்த மனிதர் என்னைப் பார்த்ததும் தன் ஆள் என்று கண்டுகொண்டார், அதுதான் சுட்டது.

நான் மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தேன்.

"வெட்டலாம் ஐயா," என்றேன், டேனிஷில். "சுருளை வெட்டினால் இதை நிரப்பவேணும். எத்தனையாம் படம், அதிலை என்ன இருந்தது, ஆர் கேட்டு வெட்டினது, கேட்ட ஆளின்ரை கையெழுத்து. இந்தத் தாள் சுருளின்ரை பதிவோடை இருக்கும். பதிவை ஆரும் வந்து பாக்கலாம். ஒப்பந்தம் அதுக்கு இல்லை. என்ன இருந்தது எண்ட இடத்திலை நான் என்னத்தை எழுத?"

பேனை கொடுக்கமுடியாது என்பதால் பென்சிலை நீட்டினேன். அவர் படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார். பச்சைக் கம்பளி மேலங்கியின் பொத்தானைப் பூட்டினார். இப்போது டேனிஷ் நன்றாக வந்தது அவருக்கு.

"உன்ரை பேர் என்ன?"

எழுத்துக் கூட்டிச் சொன்னேன். நீளமான பெயர், அவருடையதைப் போலவே. அவர் போய்விட்டார்.

நடந்ததை பிர்த்தெயிடம் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு மேசையில் இருந்த ஒரு கடிதத்தின் பிரதியை என் பக்கம் தள்ளினார். நான் அவரிடம் முறையிட்ட அதே நாளில், நான் தமிழில் திட்டிவிட்டுப் போன அதே மத்தியானம், மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். ஒருவரின் பிறப்பையும் பெற்றோரின் திருமணத்தையும் பற்றிய அரச பதிவுப் பத்திரம் அந்த ஆளுக்குரியது. இன்னொரு குடும்பம் அதை நாய்க் கட்டுக்குள் வைத்திருந்ததால் குடும்பச் சொத்தாகிவிடாது. இரண்டு பக்கம், மரக்கட்டைபோன்ற வசனங்கள். நாய்க் கட்டு என்ற சொல்லை மட்டும் கீழ்க்கோடிட்டிருந்தார்.

பின்னேரம் வீட்டில் மனைவி வதனிக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். பிரபு நின்ற விதம், பென்சில் நீட்டிய விதம். அவள் கரட் வெட்டிக்கொண்டிருந்தாள், சிரிக்கவில்லை.

"அந்தாள் சொன்னதிலை என்ன பிழை?" என்றாள்.

"என்ன கதைக்கிறாய்?"

"உங்கட தங்கச்சியைப் பற்றி உங்கட ஐயா எழுதின கடிதத்திலை எத்தினையாவது கையெழுத்து உங்கட?"

மூன்றாவது. தங்கை சாந்தி, எங்கள் வீட்டில் கதிரை கொடுக்காத ஒரு குடும்பத்துப் பெடியனைப் பதிவுத் திருமணம் செய்தாள். இனி அவளுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை என்று எங்களைப் பெற்ற ஐயா எழுதினார். அதன்கீழ் அண்ணன்மார் இரண்டு பேர் கையெழுத்து வைத்தார்கள், மூன்றாவதாக நான் வைத்தேன். கச்சேரியில் பழகிய வடிவான கையெழுத்து. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். வதனி கரட்டை வெட்டி முடித்தாள்.

மேலிடத்திலிருந்து பதில் வரக் குளிர்காலம் முடிந்துவிட்டது. எல்னாவுக்கு வியாழக்கிழமைகளில் இருமல் கூடிக்கொண்டு போனது. இரண்டு கிழமை வராமலும் இருந்தார். நான் வேண்டாத தெய்வம் இல்லை. கடைசியில் அனுமதி வந்தது: நீல உறைக்குள் இருந்ததன் பிரதியை அவருக்குக் கொடுக்கலாம்.

அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை எல்னா கையில் வாங்கி, தாயின் உருண்டைக் கையெழுத்தைத் தடித்த விரலால் தடவினார். அழவில்லை. "மைதான்," என்றார். "மை எண்டுதான் சொன்னவ." பிறகு மற்றத் தாளைப் பார்த்தார். "இது?"

"உன்ரை அப்பா தன்ரை அண்ணனுக்கு எழுதின கடிதம்," என்றார் பிர்த்தெ.

"வாசி."

"நீ வீட்டை கொண்டுபோயும் வாசிக்கலாம்."

"எனக்கு ஜெர்மன் வராது. வாசி."

பிர்த்தெ டேனிஷில் மாற்றி மாற்றி, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். அண்ணனின் முடிவை ஏற்கிறேன். வீட்டுச்சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன். அந்த விஷயம் ஒரு அவசரப் புத்தி. தெற்கே ஒரு நல்ல படைப்பிரிவில் இடம் எடுத்துத் தந்தால் போதும். குதிரையை ரயிலில் அனுப்பிவைக்கவும். இடது முன்காலில் வீக்கம் இருப்பதால் பெட்டிக்குள் வைக்கோல் கூடப் போடவும். ஹெக்டர் வெளிச்சத்துக்குப் பயப்படுவான், கண்ணைக் கட்டிவிடவும். பிள்ளை பிறந்துவிட்டதாகக் கேள்வி, பெண்ணாம்.

வாசிப்பறையில் இருந்த வேறு இருவரும் தலை நிமிர்த்திப் பார்த்தார்கள்.

"ஹெக்டர் குதிரைதானே?" என்று எல்னா கேட்டார்.

"ஓம்."

"என்ரை பேர் எங்கையாவது இருக்கோ?"

பிர்த்தெ தாளை முழுதாக ஒருமுறை பார்த்தார். பார்க்கத் தேவையில்லை என்று அவருக்கும் தெரியும். "இல்லை."

எல்னா சிரித்தார். நான் அந்த மாதிரிச் சிரிப்பை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் இல்லை. "எழுபது வருசமா இவங்கள் அவரைப் பிடிச்சுக் கட்டிவைச்சிருக்கினம் எண்டு நினைச்சன்," என்றார். "அவரும் அவங்களிலை ஒராள்தான்."

அந்தக் கிழமை நான் சாந்திக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதி, கிழித்து, அரைப் பக்கமாக்கினேன். பதில் வரவில்லை. எழுதவேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை.

பதிவேட்டைத் திருத்துகிற நாளில் பிர்த்தெ என்னையும் அனுப்பினார், அத்தாட்சிப் பிரதிக்குப் பொறுப்பாக. வைலே தேவாலய அலுவலகத்தில் இளம் மதகுரு, உற்சாகமான மனிதர். எல்னாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். அத்தாட்சியை வாசித்துவிட்டு எழும்பி நின்றேவிட்டார்.

"அப்ப நீங்கள்," என்று தொடங்கி, பிரபு குலத்தின் முழுப் பெயரையும் இடறாமல் சொன்னார். எழுபத்தெட்டு வருடத்தில் எல்னாவுக்குக் கிடைத்த முதல் "நீங்கள்" அதுவாகத்தான் இருக்கும். "தகப்பன்ரை குடும்பப் பேரையும் பட்டத்தையும் பக்கத்திலை எழுதிவிடலாம். உங்கட கல்லறைக் கல்லிலையும் அதைப் போடலாம்."

"எனக்கு ஒரு பேர் இருக்கு," என்றார் எல்னா. "அம்மான்ரை பேர். இந்த ஊர்ப் பொம்பிளையளுக்கு நாப்பது வருசம் அந்தப் பேரிலைதான் சட்டை தைச்சுக் குடுத்தனான். அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டு."

"பட்டம் ஒரு பெரிய விஷயமல்லவா..."

"அந்தப் பேருக்குள்ள ஓடி ஒளிச்ச ஆளின்ரை மகள் நான். வெட்டு மகனே, எனக்கு வேறை வேலை கிடக்கு."

மதகுரு அடிமட்டத்தை வைத்து, கறுப்பு மையால் அந்தச் சொல்லின்மேல் ஒரு நேர்கோடு கிழித்தார். ஓரத்தில் திகதியும் ஆதாரமும் எழுதினார். எல்னா பூதக்கண்ணாடியை வைத்துக் கோட்டின் இரண்டு முனையையும் பார்த்தார், முழுச் சொல்லையும் மூடியிருக்கிறதா என்று. பிறகு மை உறிஞ்சு தாளைத் தானே வைத்து அழுத்தினார்.

குலவரலாற்றுப் புத்தகம் அடுத்த வருடம் தோல் அட்டையோடு வந்தது. விரித்தால் ஒரு மேசை முழுக்க வரும் வம்சாவளிப் படம் அதில். எல்னாவின் தகப்பனுக்குக் கீழே ஒன்றுமில்லை. மணமாகாமல் இறந்தார் என்று குறிப்பு. பிர்த்தெ எங்கள் நூலகத்துப் பிரதியை எடுத்து, அந்தப் பக்கத்தில் ஒரு சிறு சீட்டுச் செருகினார்: இதோடு ஒப்பிடுக என்று எழுதி, சுருளின் இலக்கமும் படத்தின் இலக்கமும். பென்சிலால்தான். என் தற்காலிக வேலை நிரந்தரமானதும் அந்த வருடம்தான். அதைச் சொல்லும்போதும் அவர் "நோ" என்றுதான் சொன்னார். அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்று அன்று சந்தேகப்பட்டேன்.

பதிவேடு திருத்திய அடுத்த வியாழக்கிழமை நான் வாசிப்பறையில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இனி எல்னா வரமாட்டார், தேடியதுதான் கிடைத்துவிட்டதே. பத்து மணி ரயிலுக்குச் சரியாகக் கதவு திறந்தது. மேலங்கியைக் கொழுவிவிட்டு, தன் வழக்கமான மேசையில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.

"இண்டைக்கு என்ன வேணும்?" என்று கோரிக்கைச் சீட்டோடு போனேன். பழக்கத்தில் மெட்டெயின் பெயரின் முதல் எழுத்தை எழுதியும்விட்டேன்.

"அதை அழி," என்றார் எல்னா. "இனி அவங்களைத் தேடிக் கண் நோகத் தேவையில்லை. குதிரை களவெடுத்த வழக்கு, ஆள் மாறாட்டம், அப்பிடி ஏதாவது நல்லதாப் பாத்துக் கொண்டுவா. நீளமான வழக்கா எடு."

நிலவறைக்குப் போய், இருந்ததிலேயே தடித்த நீதிமன்றப் பதிவேட்டைத் தேடி எடுத்துவந்து அவர் முன் வைத்தேன்.